மூச்சு வாங்காத ஓட்டக்காரர்

கடைசியாக வந்துகொண்டிருந்த மனிதருக்கு மூச்சு வாங்கவில்லை. இத்தோவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

பாலைவன மாரத்தானில் கடைசியில் வருகிறவர்களுக்கென்று ஒரு முகம் உண்டு. உதடு வெடித்து, கண் சொருகி, எதற்காக இந்தப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தோம் என்று தன்னையே திட்டிக்கொள்ளும் முகம். இவரோ வெள்ளைத் தொப்பியும் மார்பில் குத்திய எண்ணுமாகச் சந்தைக்குப் போகிறவர் மாதிரி நடந்துகொண்டிருந்தார். யாராவது திரும்பிப் பார்த்தால் மட்டும் இரண்டு எட்டு ஓடுவார்.

இத்தோ அவருக்குப் பின்னால் சித்தப்பா ஹம்முவோடும் ஒட்டகத்தோடும் வந்தாள். பந்தயம் தொடங்கிய வருஷத்திலிருந்து பெண்களில் முதலில் வந்துகொண்டிருந்தவள் அவள். இந்தத் தடவை முழங்கால் வீங்கிவிட்டது. பந்தயத்தை நடத்துகிற அவளுடைய அண்ணன் பாஸு, "சும்மா உட்காராத, கடைசி ஆளுக்குப் பின்னாடி ஒட்டகத்தோட போ. ஒட்டகம் முந்திட்டா அந்த ஆளு ஆட்டத்துல இல்ல, தெரியுமில்ல" என்று இந்த வேலையைக் கொடுத்துவிட்டான்.

மற்றவர்கள் எல்லோரும் எப்போதோ முதல் மணல்மேடுகளைத் தாண்டிப் போயிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள், காசாபிளாங்காவிலிருந்து வந்த ஆபீஸ்காரர்கள், உள்ளூர்ப் பையன்கள், எல்லாம் சேர்த்தாலும் ஒரு கல்யாண விருந்துக்குக் காணாத கூட்டம்தான். விடிந்து கொஞ்ச நேரத்தில் மணல் ஆப்ரிகாட் பழ நிறத்துக்கு வந்தபோது ஆளாளுக்கு நின்று படம் எடுத்தார்கள். இவர் எடுக்கவில்லை. குனிந்து ஒரு பிடி மண் அள்ளினார். விரலால் நசுக்கினார். மோந்து பார்த்தார்.

"பாத்தியா? புதையல்காரன்," என்றார் ஹம்மு.

"சும்மா இருங்க சித்தப்பா."

"ஏன் சும்மா இருக்கணும்? மேற்கே சூஸ் சீமை ஆளு அவன், பேச்சு காட்டிக் கொடுக்குது. அந்தப் பக்கத்து மந்திரவாதிங்க மண்ண மோந்தே புதையல் பானை எங்க இருக்குன்னு சொல்லிடுவாங்க. உன் உள்ளங்கையில ஒரே கோடா ஓடுற ரேகைய அவன்கிட்ட காட்டிடாத. அந்த ரேகைக்காரங்க ரத்தம் சிந்தினாதான் புதையல் வெளிய வரும்பாங்க. ரத்தம் கேப்பான்."

"உங்க ரத்தத்தக் கேட்டா?"

"அதுல டீத்தண்ணிதான் இருக்கும். ஏமாந்து போவான்."

அவள் சிரித்தாள். ஆனால் கண்ணை அந்த வெள்ளைத் தொப்பியிலிருந்து எடுக்கவில்லை.

பாதை இந்த வருஷம் புதிது. முன்பெல்லாம் பழைய மண்கோட்டையைச் சுற்றி வறண்ட ஆற்றுப்படுகை வழியாக ஓடுவார்கள். இந்தத் தடவை பாஸு கல்வெளியைக் குறுக்கே வெட்டி, ஊரின் மூன்று கிணறுகளையும் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி அடையாளக் கொடிகளை நட்டிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "வெளிநாட்டுக்காரங்களுக்குக் கிணத்தடியில படம் எடுக்கப் பிடிக்கும்" என்றான். அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

முதல் கிணற்றடியில் அந்த மனிதர் நின்றார். முன்னும் பின்னும் பார்த்தார். ஒரு கூழாங்கல்லை உள்ளே போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஆளு ஆழம் பாக்குறான்," என்றார் ஹம்மு. இந்தத் தடவை அவர் குரலில் விளையாட்டு இல்லை.

இத்தோ வேகமாக நடந்து அவரை எட்டி, வயசில் மூத்தவர்களைக் கூப்பிடும் முறையில் கூப்பிட்டாள். "சலாம் ஹாஜி. தண்ணி வேணுமா?"

"வ அலைக்கும் சலாம், மகளே. என்கிட்ட இருக்கு." அவர் பெயர் தாமி. அகாதிரில் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம். டாக்டர் நடக்கச் சொன்னாராம். நடக்கத்தான் வேண்டுமென்றால் அழகான இடத்தில் நடக்கலாமே என்று வந்தாராம். கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னார்.

"கிணத்துல கல்லு போட்டீங்களே."

"பழக்கம். சின்ன வயசுல எல்லாரும் போடறதுதானே."

சின்ன வயதில் எல்லோரும் போடுவார்கள்தான். ஆனால் போட்டுவிட்டு உதட்டை அசைத்து எண்ண மாட்டார்கள். அவள் பின்தங்கி ஹம்முவோடு சேர்ந்துகொண்டாள்.

"வாத்தியாராம்."

"வாத்தியாரா? அவன் கையப் பாத்தியா? சுண்ணக்கட்டி பிடிச்ச கையா அது? உரமூட்டை தூக்கின கை."

அடுத்த கிணறு ஒரு பள்ளத்தில் இருந்தது. மேட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. இத்தோ ஹம்முவிடம் கையைக் காட்டி ஒட்டகத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, பாறை ஓரமாகக் குனிந்து போனாள். முழங்கால் சுள்ளென்றது. பாறைக்கு மேலே தலையை நீட்டினாள்.

ஹாஜி பையிலிருந்து ஒரு கயிற்றுருண்டையை எடுத்திருந்தார். நுனியில் ஈயக்குண்டு. அதைக் கிணற்றுக்குள் இறக்கி, கயிற்றில் போட்டிருந்த முடிச்சுகளை விரலால் தடவியபடி மேலே இழுத்தார். நனைந்த பகுதியைத் தனியாகப் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு திருப்தி. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு விலை பேசப் போகிறவனின் திருப்தி.

அவள் பள்ளத்தில் இறங்கினாள். ஹாஜி கயிற்றை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

"பூகோளப் பாடமா ஹாஜி?"

"அட, தண்ணி எவ்வளவு இருக்குன்னு ஒரு ஆசை. இந்தக் கிணறு பரவால்ல. அந்தக் கருவேலங் கிணறுதான் விசேஷம். கோடையிலயும் வத்தாதாமே."

இத்தோ அசையாமல் நின்றாள். மூன்றாவதான கருவேலங் கிணறு இன்னும் வரவில்லை. அது கோடையில் வற்றாது என்பது ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். வெளியாளிடம் யாரும் மூச்சு விட மாட்டார்கள்.

"யார் சொன்னா?"

ஹாஜி அவள் முகத்தைப் பார்த்தார். எதையோ தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டோம் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு கிணற்று மேடையில் உட்கார்ந்தார்.

"உங்க அண்ணன்தான். உனக்குத் தெரியும்னு நெனச்சேன், மகளே. தங்கச்சியைத்தான் பின்னாடி அனுப்பறேன், பயப்படாதீங்கன்னு சொன்னாரே."

"எதுக்குப் பயப்படணும்?"

"போன வருஷம் என் ஆளுங்க வண்டியில வந்தாங்க. உங்க ஊர்ப் பொம்பளைங்க கல்லெறிஞ்சு விரட்டினாங்க. இப்ப மார்ல நம்பரைக் குத்திக்கிட்டு நடந்தா ஒருத்தரும் கேக்கல. தண்ணி கொடுத்து, கைதட்டி அனுப்பறீங்க." அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தர்பூசணி. போன வருஷம் வண்டியில் வந்தவர்கள் தர்பூசணிப் பண்ணைக்குக் கிணற்றோடு நிலம் தேடியவர்கள். மேற்கொண்டு ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கல்வெளிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தின்பூராவில் அப்படித்தான் ஆரம்பித்தது. ஆழ்துளைக் கிணறு, சூரிய ஒளியில் ஓடும் பம்பு, கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைக் கொடி. பழம் லாரி லாரியாக ஐரோப்பாவுக்குப் போனது. ஊர்க் கிணறுகளில் வாளி தரையைத் தட்டியது. இப்போது தின்பூராவில் பேரீச்ச மரங்கள் தலை உதிர்ந்து கம்பமாக நிற்கின்றன. பெண்கள் டிராக்டர் கொண்டுவரும் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கிறார்கள்.

"வேலை கிடைக்கும், மகளே. உங்க பையன்கள் காசாபிளாங்காவுக்கு ஓட வேண்டாம்."

"ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுத கதை இருக்கு, ஹாஜி. கேட்டிருக்கீங்களா?"

அவர் ஷூவைக் கழற்றிக் காலைப் பார்த்தார். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. அங்கே மட்டும் அவர் உண்மையான ஓட்டக்காரர்.

"அண்ணன் என்ன ஏற்பாடு பண்ணியிருக்கான்?"

"மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சு விருந்து. பெரியவங்க எல்லாம் ஒரே கூடாரத்துல இருப்பாங்க. கூஸ்கூஸ் உள்ள போனதும் பேச்சை ஆரம்பிச்சு, அவங்க மனசு இளகினவுடனே ஃபாத்திஹா ஓத வச்சிடறேன்னாரு. நான் மெதுவா வந்து சேந்தா போதும்."

வேத வசனமான ஃபாத்திஹாவை ஓதிவிட்டால் முடிந்தது. கையை ஏந்தி, ஓதி, முகத்தில் தடவிக்கொண்ட வாக்கை இந்த ஊரில் எவனும் திருப்பி வாங்கியதில்லை.

இத்தோ மேடேறி ஹம்முவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒட்டகத்தின் கழுத்தைத் தடவினார்.

"பாஸுவா? நம்ம பாஸுவா?"

"உங்களுக்குத் தெரியுமா சித்தப்பா?" கேட்ட பிறகுதான், தான் இவரையும் சந்தேகிக்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது.

ஹம்மு அவளை நேராகப் பார்த்தார். "தெரிஞ்சிருந்தா இந்தாளை முதல் மேட்டுலயே வழி மாத்தி விட்டிருப்பேன். நீ போ. இவனை நான் கூட்டிட்டு வரேன். ஒட்டகத்துக்கு இன்னைக்கு ரொம்ப அசதி, பாவம். அடிக்கடி உட்காரும்."

அவள் ஓடினாள்.

முதலில் கல்வெளி. கறுத்த கற்கள் காலடியில் உருண்டன. ஒவ்வோர் எட்டுக்கும் முழங்காலுக்குள் யாரோ ஊசியைத் திருகுவது போலிருந்தது. பிறகு வலி மரத்துப்போய், பழைய லயம் வந்தது. மூக்கால் இழுத்து வாயால் விடு. தோளைத் தளர்த்து. இந்த ஓட்டத்தை அவளுக்குக் கொடுத்தவனே பாஸுதான். பெண்பிள்ளை கால்சட்டை போட்டுக்கொண்டு ஓடுவதா என்று ஊர் கேட்டபோது, "என் தங்கச்சி ஓடுவா, பாக்கப் பிடிக்காதவங்க கண்ணை மூடிக்கோங்க" என்று சொன்னவன். அந்த வருஷமும் மனதில் இதுதான் இருந்ததா? இல்லை, நடுவில் எப்போதோ மாறினானா? போன குளிர்காலத்தில் அவன் அடிக்கடி அகாதிருக்குப் போனது, புது ஃபோன், அண்ணியின் சிடுசிடுப்பு, ஒவ்வொன்றாக எழுந்து வந்து அவளோடு கூட ஓடின.

கருவேலங் கிணற்றைத் தாண்டிக் கடைசி மணல்மேடுகளில் ஏறியபோது ஓட்டக்காரர்கள் தென்பட ஆரம்பித்தார்கள். தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன்காரி அவளுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். காசாபிளாங்கா ஆபீஸ்காரர் ஒருவர், "ஒட்டகம் வந்துடுச்சா? என்னை விட்டுடும்மா, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று கெஞ்சினார்.

"ஒட்டகம் பின்னாடி படுத்திருக்கு. நீங்க மெதுவா வாங்க."

முடிவுக்கோட்டில் ஆட்கள் அவளுக்குக் கைதட்டினார்கள். முரசுக்காரன் பாதியில் நிறுத்தியதை மறுபடி அடித்தான். பதக்கங்களைக் கையில் மாட்டிக்கொண்டு நின்ற ஆள் பாஸு அல்ல, பள்ளிக்கூடக் காவலாளி.

"பாஸு எங்க?"

"உள்ள. பெரியவங்களோட."

கூடாரத்தில் தட்டுகள் ஏற்கனவே பாதி காலி. பாஸு முழங்காலிட்டுப் பெரியவர் மூஹாவின் கிண்ணத்தில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்த்ததும் மோர் வெளியே சிந்தியது.

"கடைசி ஆளு எங்க? ஏன் விட்டுட்டு வந்தே?"

"பின்னாடி வராரு. கயித்தைச் சுருட்ட நேரமாகுமில்ல."

அவன் எழுந்து அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். "கத்தாத இத்தோ. வெளிய போய்ப் பேசுவோம்."

"கத்தல. ஆனா இங்கயே பேசறேன்." அவள் பெரியவர்கள் பக்கம் திரும்பினாள். மணலும் வியர்வையும் முகத்தில் கோடு போட்டிருந்தன. "இந்த ஊர்க் கூட்டு நிலத்துல இப்ப பொம்பளைங்களுக்கும் பங்கு உண்டுன்னு சர்க்காரே சொல்லிடுச்சு. அதனால கேக்கறேன். கருவேலங் கிணத்தை அகாதிர்க்காரருக்குக் காட்டச் சொன்னது யாரு?"

வெளியே முரசு மட்டும் கேட்டது.

பெரியவர் மூஹா கையில் உருட்டிய கூஸ்கூஸ் உருண்டையைத் தட்டிலேயே வைத்தார். "தர்பூசணியா?"

"ஆமா."

பாஸு பேச ஆரம்பித்தான். நன்றாகத்தான் பேசினான். மழை இல்லை, பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகிறார்கள், வருஷத்துக்கு ஒரு நாள் வெளிநாட்டுக்காரன் வந்து ஓடிவிட்டுப் போனால் மற்ற நாளில் அடுப்பு எரியுமா, எத்தனை காலம் பேரீச்ச நிழலையே சாப்பிடுவது. அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் இத்தோ அண்ணனைப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். சிலர் அதிர்ந்திருந்தார்கள். சிலர் அவ்வளவாக அதிரவில்லை. அவளுடைய பெரிய மாமா தட்டிலிருந்த எலும்பை, அதில் கறியே இல்லாதபோதும், கவனமாகக் கடித்துக்கொண்டிருந்தார்.

"தின்பூராவுல என் அக்கா இருக்கா," என்றார் மூஹா கடைசியில். "போன தடவை போனப்ப தண்ணி கேட்டேன். பால் கொடுத்தா. தண்ணி இல்லன்னு சொல்ல அவளுக்கு வெக்கம்." ஃபாத்திஹா ஓத யாரும் கையை ஏந்தவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் ஹாஜி தாமி ஒட்டகத்தின்மேல் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டவர் என்று ஹம்மு எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். பெரியவர்கள் ஹாஜிக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார்கள், சூடாகக் கறி வைத்தார்கள், மூன்று கிளாஸ் டீ கொடுத்தார்கள். அவர் நிலத்தைப் பற்றி வாயைத் திறந்தபோதெல்லாம் மூஹா, "விருந்தாளி சாப்பிடத்தான் வரணும், சாப்பிடுங்க" என்று ரொட்டியைப் பிய்த்து முன்னால் வைத்தார். கடைசியில் அவருக்கே புரிந்துவிட்டது. போகும்போது இத்தோவிடம், "நல்லா ஓடறே, மகளே" என்றார். கிண்டலா, மெய்யா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் கொடிகளைப் பிடுங்கப் போனார்கள். பாஸு வண்டியை ஓட்டினான். இத்தோ நொண்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பின்னால் போட்டாள். கருவேலங் கிணற்றடியில் பாஸு வண்டியை நிறுத்தினான்.

"என்னைத் திருடன்னு நெனச்சிட்டேல்ல," என்றான் அவன், என்ஜினை அணைத்துவிட்டு.

"அகாதிர்க்காரரைத்தான் நெனச்சேன். உன்னை நெனைக்கல. அதான் வலிக்குது."

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னொரு வறட்சி வந்தா அந்தப் பெரியவங்களே என்கிட்ட வருவாங்க. பாரு."

"எத்தனை பேரு உன்கிட்ட ஏற்கனவே சரின்னு சொல்லியிருக்காங்க? மாமாவும்தானே?"

பாஸு குனிந்து முன்கதவைத் திறந்துவிட்டான். "ஏறு. கால் வீங்கியிருக்கு."

அவள் அந்தக் கதவைச் சாத்திவிட்டு, பின்பக்கம் போய்க் கொடிகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தாள்.