வஜ்ரவேல் குளித்துவிட்டு வந்தார்

கதையெழுதிப் பழகாத கை இது. துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

அறுபதுகளில் திருவள்ளூரில் மாதந்தோறும் ஒரு கொலை தவறாமல் நடந்தது. எழுதியவர் சுப்பராயன், அச்சிட்டு விற்றவர் ஜெயராஜ், துப்பறிந்தவர் வஜ்ரவேல் என்னும் கதாநாயகர். சுப்பராயன் சினிமாவுக்கு வசனம் எழுதக் கோடம்பாக்கம் எழுந்தருளியதும், அந்தத் தொடர், அச்சகத்தின் பிழைதிருத்துநர் சடகோபனிடம் வந்தது. அவர் பெருமாள் சந்நிதியில் பிரபந்தம் சேவிக்கும் குடும்பத்தவர். ஆயினும் அத்தனை கொலைகளையும் ஒற்றுப்பிழையின்றிக் காத்தவர் அவரே. இதற்குமேல் தகுதி என்ன வேண்டும்?

"மூணு புக்கு ஓடட்டும் சாமி. அதுவரிக்கும் அட்டைல சுப்பராயன் பேருதான். அப்பால உம்ம பேரு" என்றார் ஜெயராஜ்.

சடகோபனுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. தம் பெயரை அட்டையில் காண்பதற்காக ஒரு ஜமீன்தாரையே கொல்லச் சம்மதித்தார்.

கொன்றும்விட்டார். சிக்கல் அதன்பின்தான். பிணத்தைத் தொட்டுப் பார்த்த வஜ்ரவேல் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தார்.

"இன்னா சாமி இது? இவரு முழுகிக்கினு இருந்தா கொலகாரன் அரக்கோணம் போய்ட மாட்டானா?"

"தீட்டு இல்லையோ? அப்படியே நாற்காலியில உட்காரச் சொல்றேளா?"

"சுப்பராயன் எழுதசொல்ல, பொணத்தாண்டயே குந்திக்கினு நாஷ்டா துன்னுவான்யா அந்தாளு."

"அது அவா ஆத்து வழக்கம்" என்றார் சடகோபன் பணிவாக.

குளியலை நீக்க அவருக்கு மனம் வரவில்லை, அதையே துப்பாக மாற்றிக்கொண்டார். வீட்டார் அனைவரும் தலைமுழுகி ஈரத்தோடு நிற்க, ஒருவன் தலை மட்டும் உலர்ந்திருந்தது. கொலைக்குத் துணிந்தவனுக்குத் தீட்டு எங்கே நினைவிருக்கும்? விலங்கு பூட்டப்பட்டது. புத்தகம் அமோகமாக விற்றது.

அத்தகைய வெற்றியில் கைவைக்கச் சடகோபனுக்குத் துணிவில்லை. இரண்டாம் கொலையிலும் ஒரு தலை உலர்ந்திருந்தது. மூன்றாவதிலும்.

சென்னைக்கு ரயிலேறியவர்கள் வேப்பம்பட்டு வருமுன்பே, "தலை காஞ்சிக்கீது பாரு, மச்சான்காரன்தான்" என்று புத்தகத்தை மூடினார்கள். விவரமானவர்கள் கடையில் நின்றபடியே அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, வாங்காமல் வண்டியேறினார்கள்.

மூன்றாம் புத்தகம் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தது.

"ஒரு மொட்டையனையாவது கொலகாரனாப் போடக் கூடாதா, சாமி?" என்றார் ஜெயராஜ்.

"தோணலையே" என்றார் சடகோபன். மெய்யாகவே வருந்தினார்.

ஜெயராஜ் மறுமாதம் முதல் கல்யாணப் பத்திரிகைகள் மட்டுமே அச்சிட்டார்.

இழந்தவை: ஒரு தொடர், ரயிலடிக் கடையின் முன்வரிசையில் அதற்கிருந்த இடம், வஜ்ரவேலின் உத்தியோகம், அட்டையில் சடகோபன் பெயர், இரண்டாயிரத்துச் சொச்சம் வாசகர்கள்.