அரட்டை அறைப் பங்கு

பங்குத் தரகு நிறுவனத்தில் என் வேலை, ஒரு பங்கை வாங்கலாமா, வைத்திருக்கலாமா, விற்கலாமா என்று அறிக்கை எழுதுவது. ஒரே ஒரு இணையக் கம்பெனிக்கு மட்டும் பல வருடமாக 'வைத்திருக்கலாம்' என்றே எழுதி வந்தேன். என் பெண்டாட்டியை எனக்குக் கொடுத்த கம்பெனி அது.

அதன் அரட்டை அறையில்தான் நாங்கள் சந்தித்தோம். நான் 'மொட்டைமாடி', அவள் 'வெங்காயம்'. கம்ப்யூட்டர் சென்டரில் முதுகு வலிக்க உட்கார்ந்து "இருக்கியா?" என்று தட்டுவேன். பாழாய்ப்போன இணைப்பு அறுந்து அறுந்து வரும். "இருக்கேன்" என்று வந்து விழுந்ததும் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருக்கும். அந்தச் சுகம் இன்றைய எந்த வேகத்திலும் இல்லை, சத்தியமாக. பல் டாக்டரான அவள் தன் முதல் சம்பளத்தில் வாங்கியதே அந்தப் பங்குதான். 'எழுதியவரின் மனைவியிடம் இந்தப் பங்கு உண்டு' என்று ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் விதிப்படி பொடி எழுத்தில் போடுவேன், கொஞ்சம் பெருமையாகவே.

இப்போது தடுக்கி விழுந்தால் ஒரு போட்டிக் கம்பெனி. அரட்டை, படம், பேச்சு எல்லாம் இலவசம். ஆட்கள் அங்கே போக, விளம்பரமும் பின்னாலேயே போனது. மிச்சம் இருப்பவர்களைப் பிடித்துவைக்க பழைய கம்பெனி பணத்தை வாரி இறைத்ததில் லாபம் தேய்ந்தது. இனியும் சப்பைக்கட்டு கட்ட முடியாமல் 'விற்கலாம்' என்று எழுதினேன். மறுநாள் காலை வெளியாகும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, கட்டியவளிடமும்தான். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் ஆசையாக வாங்கியது கண்ணெதிரே கரையும்.

அன்று சாப்பாடே இறங்கவில்லை. என்னவென்று அவள் கேட்டதற்குத் தலைவலி என்று மழுப்பினேன்.

காலையில் அறிக்கை வந்தது, பங்கு சரிந்தது. கிளினிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவள் செருப்பை மாட்டியபடியே, "அதை நான் எப்பவோ வித்தாச்சு" என்றாள்.

"எப்போ?"

"நீங்க அதுல எனக்கு எழுதறதை நிறுத்தினப்போ. கடைசியா என்ன எழுதினீங்க தெரியுமா? 'பால் வாங்கிட்டு வா.' நீங்களே போயிட்டீங்க, இனி யாரு இருக்கப்போறாங்கன்னு தோணிச்சு."

அந்தப் பொடி எழுத்து இத்தனை வருடமாகப் பொய். இன்னும் வைத்திருக்கிறாயா என்று அவளிடம் ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

அலுவலகம் போனதும் அந்த அரட்டை அறையைத் திறக்கப் பார்த்தேன். கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. போனை எடுத்தேன்.

"என்னங்க? பேஷண்ட் வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்காரு."

"ஒண்ணுமில்ல. இருக்கியா?"

"ஒரு நிமிஷம் வாயை மூடிக்குங்க" என்று பேஷண்டிடம் அவள் சொல்வது கேட்டது.

"இருக்கேன்" என்றாள்.