ஏழாம் பக்கம்

அப்பாவை இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, பதிவு மேசையில் இருந்த பெண் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டாள்.

"இந்தக் குடும்பப் பேரைக் கேள்விப்பட்டதே இல்லைங்க."

மகளுக்கு இது புதிதல்ல. பள்ளியிலும் சரி, இப்போது வேலை பார்க்கும் மருந்துக்கடையிலும் சரி, அந்தப் பெயரில் இன்னொரு ஆளை அவள் பார்த்ததே கிடையாது. அப்பாவிடம் கேட்டால், "நமக்குன்னு யாரும் இல்லம்மா, விடு" என்று பேச்சை வெட்டிவிடுவார்.

இந்த முறை அவளுக்கு விட மனசு வரவில்லை. அப்பா நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தார். வந்து பார்க்க ஒரு சொந்தமாவது இருக்காதா என்று, விடுமுறை நாளில் பொது நூலகத்தின் மாடிக்குப் போனாள். பழைய செய்தித்தாள்களையெல்லாம் அங்கே கணினியில் ஏற்றி வைத்திருந்தார்கள். பெயரைப் போட்டுத் தேடினாள். வந்தது ஒன்றே ஒன்று. அவளுடைய கல்யாண அறிவிப்பு.

நூலகர் எட்டிப் பார்த்தார். "ஒரு எழுத்தை மாத்திப் போட்டுப் பாருங்க. அந்தக் காலத்துல பாதித் தூக்கத்துல அச்சுக் கோப்பாங்க. எங்க தாத்தா இறந்தார்னு போடச் சொன்னா, இருந்தார்னு போட்டுட்டாங்க."

சிரித்துக்கொண்டே நடு எழுத்தை மாற்றினாள். திரை நிரம்பியது.

முதல் பக்கம். கொட்டை எழுத்து. 'கேட் கீப்பர் தூங்கினார். ரயில் மோதி பஸ் நொறுங்கியது.' கீழே படத்தில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே ஒருவர், உள்ளங்கையால் முகத்தை மறைத்தபடி. அவருடைய ஒரே மகன் என்று அப்பாவின் பெயரே அச்சாகியிருந்தது.

அவள் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அடுத்தடுத்த நாள் செய்திகளில் வீட்டின் மேல் கல் விழுந்தது. தூக்கில் போடு என்று வாசகர்கள் எழுதினார்கள். தீர்ப்பு வருமுன்பே அவர் சிறையில் நெஞ்சு வலியில் செத்துப்போனார்.

"கடைசியில இன்னும் ஒண்ணு இருக்கே" என்றார் நூலகர்.

இரண்டு வருடம் கழித்து வந்தது அது. ஏழாம் பக்கம், சோப்பு விளம்பரத்துக்குக் கீழே, நாலே வரி.

அன்று சாயங்காலம் கட்டில் ஓரமாக உட்கார்ந்து சொன்னாள். "அப்பா, தாத்தா மேல தப்பே இல்லையாம்ப்பா."

எங்கே போய் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. "யாரு சொன்னா?"

"பேப்பர்லயே போட்டிருக்கு. ஸ்டேஷன்லேருந்து கேட்டுக்கு வர்ற மணிக்கம்பி துருப்பிடிச்சு அறுந்துபோச்சாம். ரயில் வர்றது அவருக்குத் தெரிய வழியே இல்லையாம்."

"எத்தனாம் பக்கம்?"

"ஏழு."

"ஏழா" என்று தலையாட்டினார். "அதுக்குள்ள நாங்க ஊரை விட்டே போயிட்டோம். புது ஸ்கூல்ல என்னைச் சேக்கும்போது எங்கம்மா ஒரு எழுத்தை மாத்திச் சொல்லிட்டா. அவர் தூங்கிட்டாருன்னுதான் கடைசி வரைக்கும் நெனச்சா. நானும்தான்."

"பழைய பேரையே வச்சுக்கலாமாப்பா?"

"இனிமே எனக்கு எதுக்கு? நீயும் இந்தப் பேருக்குப் பழகிட்ட." அவள் பக்கம் திரும்பினார். "படம் போட்டிருந்தாங்களே, இருக்கா? அம்மா எல்லாத்தையும் எரிச்சுட்டா."

முதல் பக்கத்தை அவருக்குக் காட்டவேண்டாம் என்றுதான் இருந்தாள். வேறு வழியில்லாமல், நூலகத்தில் எடுத்திருந்த நகலைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"முகம் தெரியலயே" என்றார். பிறகு விரலால் தடவினார். "கையைப் பாரு. சுண்டுவிரல் வளைஞ்சிருக்கும். கேட் சக்கரத்துல மாட்டினது." அப்பா அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு தினமும் ஏதாவது சொன்னார். தாத்தா விசிலடித்துக்கொண்டே வேலை பார்ப்பாராம். மகனைத் தோளில் தூக்கிவைத்து, போகும் ரயில்களுக்குக் கையசைக்க வைப்பாராம். பேசப் பேச மூச்சு வாங்கும். "மீதிய நாளைக்குச் சொல்றேன்" என்பார். ஒரு வாரம்தான் சொல்ல முடிந்தது.