ஐயாயிரமா, எட்டாயிரமா

1

இந்தக் கதை ஒரு அட்டவணையிலிருந்து பிறந்தது. கதைக்கு இது கௌரவமான பிறப்பில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மறைக்க விரும்பவில்லை.

கடலில் தூண்டில் போடுகிறவர்கள் நூலைச் சுற்றி இழுப்பதற்கு ராடு என்கிற தூண்டில் கோலில் மாட்டுகிற கருவிக்கு ரீல் என்று பெயர். அதற்கு அளவு எண்கள் உண்டு. மூவாயிரம், நாலாயிரம், ஐயாயிரம், எட்டாயிரம் என்று ஏறிக்கொண்டே போகும். எண் ஏற ஏற ரீல் பெரிது, நூல் ஜாஸ்தி, கனமும் ஜாஸ்தி. எந்த மீனுக்கு எந்த எண் என்பதுதான் நான் சொன்ன அட்டவணை. அது என் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது.

நான் மீன்பிடிக்கிறவன் இல்லை. திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில், மாடியறையில் தனியாக இருக்கிறேன். தூண்டில் சாமான் விற்கும் ஒரு இணையக் கடைக்குத் தமிழில் போன் எடுப்பது என் வேலை. என் பெயர் மாறன். போனில் சரவணகுமார். (பெயரைக் கடைக்காரர்கள்தான் வைத்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.)

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"ஹபீப் முகம்மதுக்கு மீன் பிடிக்காது." இரண்டு பொருள் வருகிறது. அடித்தேன்.

"கடலே இல்லாத ஊரில் ஒரு மனிதர் கடலுக்காக—" வேண்டாம். இதற்கே எனக்குச் சலிப்பு வந்துவிட்டது.

"போன் மூன்று மணிக்கு அடித்தது." இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

போன் மூன்று மணிக்கு அடித்தது.

"மீன் ரீல் கடைங்களா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"நாலாயிரம், ஆறாயிரம்னு போட்டிருக்கீங்களே, அது இன்னாங்க, விலையா?"

"விலை இல்லீங்க. சைஸ்."

"சைஸா? செருப்பு மாதிரி ஏழு, எட்டுனு போட்டுட்டுப் போகக் கூடாதா சார்?"

சிரித்தேன். அன்று நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். (இந்த வாக்கியம் வாசகரின் இரக்கத்தைக் கேட்டு நிற்கிறது. தெரிந்தேதான் விட்டுவைத்திருக்கிறேன்.)

மறுநாளும் அதே நேரத்துக்கு அழைத்தார். அதற்கு மறுநாளும். தினம் ஒரே ஒரு கேள்விதான். பின்னல் நூலுக்கும் நைலான் நூலுக்கும் என்ன வித்தியாசம்? உப்புத் தண்ணீர் பட்டால் ரீல் துரு பிடிக்காதா? பதிலை எங்கேயோ எழுதிக்கொள்வது போல மெதுவாகத் திருப்பிச் சொல்லுவார். வாங்குகிற பேச்சே எடுக்கவில்லை. நாலாவது நாள், "உங்களுக்குத்தான் வேணுமா பாய்?" என்று கேட்டுவிட்டேன்.

ஹபீப் முகம்மதுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. மகன் அப்சல் ஆறு வருடமாக ஓமனில், சலாலாவில் வேலை செய்கிறான். மனைவி மெஹ்ருன்னிசா இருந்தவரை அவள்தான் மகனோடு பேசுவாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். போன வருடம் அவள் இறந்துபோனாள்.

"அதுக்கப்புறம் போன் எங்கைக்கு வந்துடுச்சு சார். ‘சாப்ட்டியா?' ‘சாப்ட்டேன் அத்தா.' ‘வெயிலா?' ‘வெயில்தான்.' அவ்ளோதான், முடிஞ்சிடும். ஒரு வெள்ளிக்கிழமை கடல்ல மீன் புடிச்சேன்னான். எப்டிடா புடிச்சேனு கேட்டேன் பாருங்க, பதினோரு நிமிஷம் பேசினான். போன்லயே காட்டுச்சு."

அதனால்தான் வாரம் முழுக்கக் கேள்விகள். என்னிடம் கேட்டதை வெள்ளிக்கிழமை மகனிடம் பேச்சாக எடுத்து வைப்பார்.

அப்படியென்றால் என் சுவரில் இருக்கும் அட்டவணை செங்கம் ரோட்டிலிருந்து கிளம்பி ஒரு தகப்பனின் வாய் வழியாக அரபிக்கடலோரம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.*

* நான் கடலைப் பார்த்திருக்கிறேனா என்று நீங்கள் கேட்கலாம். ஒருமுறை பார்த்தேன். பாண்டிச்சேரியில், ஒரு கல்யாணத்துக்குப் போகிற வேனின் ஜன்னல் வழியாக.

3

அவர் எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை. வேலூர்ப் பக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு பௌர்ணமி அன்று வழக்கம் போல மூன்று மணிக்கு அழைத்தார். மதியத்திலிருந்தே கிரிவலக் கூட்டம். போலீஸ் மைக்கில் கூட்டத்தில் தவறிப்போனவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ஆம்பூரிலிருந்து வந்திருக்கும் காசியம்மாள், உங்கள் வீட்டுக்காரர் இங்கே காத்திருக்கிறார்." என் ஜன்னல் வழியாகக் கேட்டது. ஒரு மூச்சு கழித்து, காதில் வைத்திருந்த போனுக்குள்ளிருந்தும் அதே காசியம்மாளை அழைத்தார்கள்.

"இங்க ஒரே சத்தம் சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் ஹபீப் முகம்மது.

நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். "பரவால்ல பாய்" என்றேன். நானும் இதே ஊர்தான் என்று சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? இந்த இடத்தில் ஒரு கட்டுரையாளன் என்றால் நாலு பத்தி எழுதுவான். தெரிந்த காரணம் ஒன்றுதான். போனில் நான் விஷயம் தெரிந்த சரவணகுமார். நேரில் பார்த்தால் மாடியறையில் அட்டவணையோடு இருக்கிற ஒருவன்.

4

சித்திரையில் அப்சல் லீவில் வருவதாகச் செய்தி வந்தது. வந்ததும் கையில் ஒரு ரீல் கொடுக்க வேண்டும். முன்னாடியே அவனுக்குத் தெரியக் கூடாது. எந்த சைஸ்?

"எட்டாயிரம் போடுங்க சார்."

"கரையில நின்னு வீசறாரா, படகுல போறாரா?"

"பாறை மேல நிக்கறான், போட்டோல."

"ராடு எவ்ளோ நீளம்?"

"அவனைவிட ஒண்ணரை மடங்கு இருக்கும்."

"புடிக்கறது?"

"பாறை மீனு, சீலா மீனு. வஞ்சிரம் ஒண்ணு மாட்டி அறுத்துக்கினு போயிடுச்சாம்."

"அப்போ ஐயாயிரம் போதும் பாய்."

"கம்மியா வாங்கிக் குடுத்துட்டாருனு நெனச்சிக்குவானே சார்."

"எட்டாயிரம் அந்த ராடுக்குக் கனம். காலைலேர்ந்து நின்னு வீசினா மணிக்கட்டு உட்டுடும். ரீல் பெருசா இருக்குதுன்னு மீன் பெருசா வராது பாய். ராடுக்கும் கைக்கும் ஏத்த மாதிரிதான் பாக்கணும்." பிறகு அட்டவணைக்குக் கீழே இருந்த கடைசிக் கேள்வியைக் கேட்டேன். எல்லோரிடமும் கேட்பதுதான். "எந்தக் கையால ராடு புடிப்பார்? கைப்பிடி எந்தப் பக்கம் வரணும்னு சொல்றதுக்காகக் கேக்கறேன்."

லைனில் இருக்கிறாரா என்று பார்த்தேன். இருந்தார்.

"அப்புறம் பண்றேன் சார்." வைத்துவிட்டார்.

(முந்தைய வடிவத்தில் இங்கே அவருக்கு ஒரு நல்ல வசனம் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது அதில் என் குரல்தான் கேட்டது. எடுத்துவிட்டேன்.)

மறுநாள் மூன்று மணிக்கு அழைக்கவில்லை. அதற்கு மறுநாள் காலையில், கடை திறக்கிற நேரத்தில் அழைத்தார்.

"இருக்கற போட்டோ எல்லாத்தையும் பெருசு பண்ணிப் பாத்தேன் சார். எல்லாத்துலயும் இடது கையிலதான் ராடு."

"சரிங்க. அப்போ கைப்பிடி வலது பக்கம் வரணும்."

"சின்னதுல அவன் இடது கைக்காரன் சார். சோத்துக் கையால எழுதுடானு ஸ்கேல் எடுத்து அடிப்பேன். சாப்பாட்டுல இடது கை வெச்சா தட்டைப் புடுங்கிடுவேன். மெஹ்ருன்னிசா உள்ள போய் நின்னு அழுவா. ரெண்டு வருஷத்துல மாறிட்டான். மாத்திட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன்." கடை ஷட்டரை ஏற்றுகிற சத்தம் கேட்டது. "அங்க யாரும் பாக்கறதுக்கில்லன்னதும் இடது கையில எடுத்திருக்கான் பாருங்க."

அட்டவணையில் அதற்கு எதுவும் இல்லை.

"ஐயாயிரமே போடுங்க சார்" என்றார்.

5

பார்சல் போய்ச் சேர்ந்த அன்று, கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டுவது எப்படி என்று சொல்லத் தொடங்கினேன். "மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனுக்கு ஸ்க்ரூ கழட்டச் சொல்லித் தர்றீங்களா?" என்றார். அதுதான் கடைசி அழைப்பு.

சித்திரை வந்தது. மூன்று மணி தினமும் வந்தது. போன் மற்றவர்களுக்காக அடித்தது. கேள்விகள் தீர்ந்துபோனதால் அழைக்கவில்லை என்று ஒரு நாள் எனக்குச் சொல்லிக்கொண்டேன். மகனே வந்துவிட்ட பிறகு என்னிடம் என்ன பேச்சு என்று மறுநாள்.

பார்சல் முகவரி என்னிடம் இருந்தது. என் அறையிலிருந்து நடந்து போகிற தூரம். என் பழைய மூக்குக்கண்ணாடியில் நிஜமாகவே கீறல் விழுந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

கண்ணாடி அலமாரிக்குப் பின்னால், நான் நினைத்ததைவிடக் குள்ளமான ஒரு மனிதர். "வாங்க சார், உக்காருங்க" என்றார். அந்தக் குரல் அத்தனை பக்கத்தில் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். ஒரு சொல் பேசினால் என்னைக் கண்டுபிடித்துவிடுவார். சீட்டை நீட்டினேன். ஒரு பிரேமைக் காட்டினேன். விலை கேட்காமல் தலையாட்டினேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு முகம் இளகி, கையால் சைகை காட்டினார்: நாலு நாள். ஒரு காகிதத்தில், "பெயர், போன் நம்பர் எழுதுங்க சார்" என்று எழுதி என் பக்கம் தள்ளினார்.

நான் ஊமை என்று நினைத்துவிட்டார். மாறன் என்று எழுதி, என் சொந்த நம்பரைக் கொடுத்தேன்.

பெஞ்சில் முப்பது வயதிருக்கும் ஒருவன் ரீலை இடது கையில் பிடித்து, வலது கையால் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். ஐயாயிரம். எங்கள் இணையக் கடைப் படத்தில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"நூலை ரொம்ப டைட்டா வெச்சா அறுத்துக்கும்தானே?" என்று கேட்டார் தகப்பனார்.

"ஆமா அத்தா. கொஞ்சம் உட்டுப் புடிக்கணும்."

டீ வந்தது. அப்சல் கவனமில்லாமல் இடது கையை நீட்டி டம்ளரை எடுத்தான். எடுத்ததும் நினைவு வந்தவனாகக் கையை மாற்றப் போனான். ஹபீப் முகம்மது எதையும் பார்க்காதவர் போல, பிஸ்கட் தட்டை எடுத்து மகனின் இடது பக்கம் நகர்த்தி வைத்தார். அவன் கை அப்படியே நின்றது. பிறகு அதே கையால் டீயைக் குடித்தான்.

நான் வெளியே வந்துவிட்டேன்.

6

ரீலை முதலில் கையில் கொடுத்தபோது என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் அப்சல் கைப்பிடியைப் பார்த்துவிட்டு அழுகிறான். இன்னொன்றில், "இதே சைஸ் ரெண்டு இருக்கு அத்தா" என்று சிரிக்கிறான். மூன்றாவதில் அப்சலே எனக்குப் போன் செய்து, தகப்பனாருக்கு எந்த சைஸ் சரியாக இருக்கும் என்று கேட்கிறான். மூன்றாவதை எழுதிவிட்டு வெகுநேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றையும் எடுத்துவிட்டேன்.

கதையை அந்தப் பிஸ்கட் தட்டோடு முடித்திருக்கலாம். அவர்கள் கதை அங்கேதான் முடிகிறது. ஆனால் இன்று மாலை ஒரு செய்தி வந்தது. அவர் என்னை அழைக்கவில்லை. பேச முடியாதவனை எப்படி அழைப்பார்?

"மாறன் சார், உங்கள் கண்ணாடி ரெடி. கடை ஒம்பது மணி வரைக்கும் திறந்திருக்கும். மெதுவா வாங்க. - ஹபீப்."

இப்போது ஏழேகால். சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. அல்லது முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று, "நல்லா இருக்கு பாய்" என்று மூன்று சொல் சொல்லலாம். அந்தக் குரலைக் கேட்டதும் அவர் முகம் எப்படி மாறும் என்று எழுதிப் பார்த்தேன், முடியவில்லை.

நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். அவரையும் தெரியும், என்னையும் தெரியும். நான் படியிறங்குகிறேன். கடை வாசலில் நான் வாயைத் திறந்தேனா இல்லையா என்பதை நீங்களே—