முழுகிப்போன படகோட்டி விளக்கைக் கொடுத்தது எப்படி?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் பிறந்ததல்ல, வயிற்றெரிச்சலில் பிறந்தது. பதினொரு வருடமாக ஒரு விஷயத்தை வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அதைச் சொல்லியே தீர வேண்டிய கட்டம் வந்தது. சொன்னேனா இல்லையா என்பதுதான் கதை.

நான் மெய்ப்புத் திருத்துபவன். புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பு பிழை பார்த்துக் கொடுக்கிறவன். ஊரார் எழுத்தில் குற்றம் கண்டுபிடித்தே வயிற்றைக் கழுவுகிற ஆள் சொந்தமாக ஒரு கதை எழுத உட்கார்ந்தால் என்ன கதி ஆகும் என்பதை இனிமேல் பார்ப்பீர்கள்.

தொடக்கம், முதல் முயற்சி: "பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் பதின்மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் பல்வலி இல்லை." (கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய். மருந்துக்கடைக்காரருக்கு அன்றைக்குக் கடைவாயில் உயிர் போகிற வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டேதான் ஓட்டுப் போட்டார்.)

இரண்டாவது முயற்சி: "அக்கா சண்டைக்குத் தயாராகி வந்திருந்தாள் என்பது அவள் கொண்டையை இறுக்கிப் போட்டிருந்த விதத்திலேயே" (வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுகிறேன். இதை அக்கா படிப்பாள்.)

மூன்றாவது முயற்சி: "இலக்கியம் என்றால் என்ன என்ற கேள்வி மனித குலத்தை" (சீ.)

2

நேராகச் சொல்லிவிடுகிறேன். ஏழு பாகங்கள் கொண்ட ஒரு மாயாஜால நாவல் தொடர். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் ரசிகர்கள் வீடு தேடி வருவார்கள். ஒவ்வொரு பாகமும் தலைக்கு வைத்துப் படுக்கலாம், அந்தக் கனம். ஒரு ராணி, ஏழு ஆறுகள், பேசும் கழுதை ஒன்று. (கழுதை மட்டும் கொஞ்சம் குறைவாகப் பேசியிருந்தால் தொடர் ஐந்து பாகத்தில் முடிந்திருக்கும். இதை நான் அப்போதே பதிப்பாளரிடம் சொன்னேன். மெய்ப்புத் திருத்துபவனின் கருத்தை யாரும் கேட்பதில்லை.)

இந்தத் தொடருக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வாசகர் வட்டம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு, பல் டாக்டரம்மாவின் காத்திருப்பு அறையில் கூடுவோம். டாக்டரம்மாதான் தலைவி. சுவரில் ஆளுயரக் கடைவாய்ப் பல் படம். அதன் கீழே உட்கார்ந்து பேசுகிறவருக்கு யாராக இருந்தாலும் கொஞ்சம் பயம் வரும்.

வட்டத்தின் தூண் என் அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை. தொடரை ஒன்பது முறை படித்தவள். யாராவது குறை சொன்னால், "எத்தனையாம் பக்கம்?" என்று கேட்பாள். பக்க எண் தெரியாதவர்கள் அதோடு அடங்கிவிடுவார்கள்.

3

இப்போது படகோட்டிக்கு வருவோம். மொத்தக் கதையும் அந்தப் பாவியின் தலையில்தான் நிற்கிறது.

மூன்றாம் பாகம், ஒன்பதாம் அத்தியாயத்தில் படகோட்டி ஆற்றில் மூழ்கிச் சாகிறான். உடலை எடுக்கிறார்கள், அடக்கம் செய்கிறார்கள், கழுதைகூட அழுகிறது. அதே பாகம், முப்பத்தோராம் அத்தியாயத்தில் அதே படகோட்டி படித்துறையில் நின்று ராணியிடம் ஒரு விளக்கைக் கொடுக்கிறான். ஒரே ஒரு பத்தி. அப்புறம் அவனைக் காணோம்.

புத்தகம் வந்த மாதமே வட்டத்தில் பெரும் கூச்சல். "நீங்கதானே பிழை பார்த்தீங்க? இது தப்பா, இல்ல வேணும்னே வச்சதா?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

நான் சிரித்தேன். "அதை நான் சொல்லக் கூடாது" என்றேன்.

அசடு வழிந்த சிரிப்பு, ஐயா அது! மாட்டிக்கொண்டவன் சிரிக்கிற சிரிப்பு. அதை அவர்கள் ரகசியம் தெரிந்தவன் சிரிக்கிற சிரிப்பாக எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி. 'படகோட்டி சாகவில்லை', 'செத்தது அவன் அண்ணன்', 'ஏழு ஆறுகளும் ஒரே ஆறு' என்று ஆளுக்கொரு கொள்கை. மருந்துக்கடைக்காரர் நாற்பது பக்கத்தில் கட்டுரை எழுதி எனக்கே பிழை பார்க்கக் கொடுத்தார். வாசகர்கள் ஆசிரியருக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். விளைவு, ஐந்தாம் பாகத்திலிருந்து படகோட்டி ஆவியாகத் திரும்பி வந்துவிட்டான். ஏழாம் பாகம் முடிவதே அவனோடுதான். 'இந்தத் தொடரின் உச்சம் படகோட்டி' என்று எழுதாத மதிப்புரை கிடையாது.

உண்மை இவ்வளவுதான். ஆசிரியர் கடைசி நேரத்தில் ஒரு திருத்தத் தாள் அனுப்பியிருந்தார். மொத்தம் நாற்பத்திரண்டு திருத்தங்கள். கடைசித் திருத்தம்: 'படகோட்டி வரும் பத்தியை நீக்கவும்.' நான் நாற்பத்தொன்றைச் செய்தேன்.

4

கதைக்கு எதிராளி ஒருவர் வேண்டும். இருக்கிறார். ஆனால் இவரைப் பாத்திரமாக வைப்பதில் எனக்குச் சங்கடம் இருக்கிறது.

மின்தூக்கி பழுது பார்க்கிறவர். லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவோம். நாலு மாதம் முன்பு சேர்ந்தார். ஏழு பாகத்தையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு வந்து, முதல் கூட்டத்திலேயே, "கழுதை நல்லாருக்கு. மத்தபடி இவ்வளவு கொண்டாட என்ன இருக்கு? அந்தப் படகோட்டி விஷயம் சும்மா யாரோ கவனிக்காம விட்டது" என்றார். கழுதையைப் பாராட்டியதற்காக எனக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம்தான் மற்றது உறைத்தது.

(இவரைக் கடிகாரக்காரராக மாற்றிப் பார்த்தேன். கணக்கு வாத்தியாராக மாற்றினேன். இரண்டிலும் ஆள் திமிர் பிடித்தவராகத் தெரிந்தார். நிஜத்தில் அப்படி இல்லை. சட்டைப் பையில் டெஸ்டரோடு வந்து, ஓரமாக உட்கார்ந்து, எல்லோரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்து பேசுகிற மனிதர். அதனால் லிஃப்ட்காரராகவே இருக்கட்டும்.)

மூன்று கூட்டங்களில் அவரை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். 'வாங்க நட்டு போல்ட்டு' என்று ஒருவர். 'இவருக்குப் புரியாதது எல்லாம் தப்பு' என்று இன்னொருவர். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஏனென்றால் அந்த அறையில் சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர், அது தெரிந்த ஒரே ஆள் நான். (அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

நாலாவது கூட்டத்துக்கு டாக்டரம்மா தீர்மானம் போட்டார்: 'இத்தொடர் பெற்ற புகழுக்குத் தகுதியானதே.' ஆதரித்து அக்கா, எதிர்த்து லிஃப்ட்காரர்.

"இன்னிக்கும் சிரிச்சு அனுப்பினீங்கன்னா, இனிமே நான் வரல" என்றார் அவர், கோபமே இல்லாமல். "புத்தகம் பத்திப் பேச எனக்கு வேற எடம் கிடையாது. ஆனா பரவாயில்ல."

5

எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம். ஒரு பக்கத்தைத் திட்ட வேண்டுமானால், அந்தப் பக்கத்தை முதலில் சத்தமாக, நக்கல் இல்லாமல் படிக்க வேண்டும். லிஃப்ட்காரர் எழுந்து, மூன்றாம் பாகத்தைப் பிரித்து, பல் படத்தின் கீழே நின்று படித்தார்:

'ராணி படித்துறைக்கு வந்தபோது பனி இறங்கியிருந்தது. படகோட்டி எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. தன் விளக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தான். திரும்பி வரும்போது கொடுங்கள் என்றான். அவசரமில்லை.'

'அவசரமில்லை' என்ற இடத்தில் அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு. நான் இல்லேங்கல. ஆனா செத்த ஆள் எப்படிங்க வந்தான்? நான் ஒரு லிஃப்ட்ல ஒரு நட்டை விட்டுட்டு வந்தா, நாலாவது மாடியில மாட்டிக்கிட்டவங்க அதை மர்மம்னு பாராட்ட மாட்டாங்க. எவன்டா செஞ்சான்னு கேப்பாங்க. இங்க மட்டும் ஏன் யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க? தப்பைக் கொண்டாடுறீங்கன்னா, நல்லா எழுதின பக்கத்துக்கு என்ன மரியாதை?"

யாரும் சிரிக்கவில்லை. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எழுந்தாள். பக்க எண் கேட்பாள் என்று நினைத்தோம். கேட்கவில்லை.

"லிஃப்ட்ல நட்டு விட்டுப்போனா ஆள் விழுவான். இங்க விழுந்த ஆள் எழுந்து வந்திருக்கான். எப்படி வந்தான்னு எனக்குத் தெரியாது. அவன் வந்தது நல்லதுன்னு மட்டும் தெரியும். நீங்களே இப்போ படிச்சீங்களே, உங்க தொண்டை ஏன் அடைச்சுது?"

"சளி" என்றார் லிஃப்ட்காரர்.

அதற்குத்தான் சிரித்தார்கள். இந்த முறை அவரும் சேர்ந்து சிரித்தார்.

6

ஓட்டு. ஆதரவு ஆறு. எதிர்ப்பு ஆறு. மருந்துக்கடைக்காரர் கட்சி மாறிவிட்டார், நாற்பது பக்கக் கட்டுரையையும் அம்போவென்று விட்டுவிட்டு. (பல்வலியில் தெரியாமல் கை தூக்கிவிட்டாரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.)

பதின்மூன்றாவது ஆள் நான். புத்தகத்தில் வேலை பார்த்தவன் ஓட்டுப் போடக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். பார்க்க நேர்மை மாதிரி இருக்கும். உள்ளே பயம்.

"இன்னிக்கு நீங்க போட்டுத்தான் ஆகணும்" என்றார் டாக்டரம்மா. "பத்து நிமிஷம் இடைவேளை. காபி குடிச்சிட்டு வந்து சொல்லுங்க."

7

இந்தப் பகுதியை மூன்று முறை எழுதி மூன்று முறை கிழித்தேன். வேடிக்கையாக எழுத வரவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி.

மருத்துவமனையின் பின்பக்கம் குழாயடியில் அக்கா காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நாப்பத்தொண்ணு டிக்" என்றாள் அவள். "நாப்பத்திரண்டாவது இல்ல. அதானே?"

நான் எட்டிக் குழாயை மூடினேன்.

"அந்தத் திருத்தத் தாளை நீ ஆஸ்பத்திரிப் பையிலயே விட்டுட்டுப் போயிட்ட. துணிமணியெல்லாம் எடுத்து வச்சப்போ பார்த்தேன். அப்போ ஒண்ணும் புரியல. புத்தகம் வந்து, முப்பத்தோராம் அத்தியாயம் படிச்சப்போ புரிஞ்சுது."

உங்களுக்கும் புரிய வேண்டுமல்லவா? சொல்கிறேன். அந்த வாரம் அக்கா வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் தாள்களை வைத்துக்கொண்டு திருத்தங்களை முடித்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்றாவது திருத்தத்துக்கு டிக் போட்டபோது நர்ஸ் வந்து கூப்பிட்டார். உள்ளே போனேன். மாமா அதற்குள் போய்விட்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த மெய்ப்புத் தாள்களை எப்போது அச்சகத்தில் கொடுத்தேன், என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை.

"அப்போ இத்தனை வருஷமா நீ..."

"அவர் போன நேரத்துல உன் கை நின்னுது. அதனால புத்தகத்துல ஒருத்தன் தப்பிச்சிட்டான். அதை யாராவது தப்புன்னு சொன்னா என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல, அவ்வளவுதான்." கோப்பைகளைக் கவிழ்த்து வைத்தாள். "ஆனா அந்த மனுஷன் சொன்னதுதான் சரி. அவரைப் பார்த்தா எனக்குப் பாவமாயும் இருக்கு."

"நான் என்ன பண்றது?"

"என்னை ஏன்டா கேக்குற? நீ எதுக்கு வேணா கை தூக்கு. எனக்காகத் தூக்காதே."

8

முடிவு, முதல் முயற்சி: நான் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட்காரரைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். (எங்கள் வட்டத்தில் யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கிற ரகமில்லை. தவிர, மாமாவின் கடைசி நிமிடத்தை அந்தப் பல் படத்தின் கீழே பன்னிரண்டு பேருக்குச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அக்கா அதை யாரிடமும் சொன்னதில்லை.)

இரண்டாவது முயற்சி: நான் 'தகுதியானதே' என்று கை தூக்குகிறேன். லிஃப்ட்காரர் டெஸ்டரைப் பையில் சரிசெய்துகொண்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போகிறார். (அவர் போன பிறகு நான் என்ன முகத்தோடு அடுத்த மாதம் போய் உட்காருவேன்?)

மூன்றாவது முயற்சி: மருந்துக்கடைக்காரரின் பல் திடீரென்று (வேண்டாம். இதைவிடக் கேவலமாக யாரும் தப்பிக்க முடியாது.)

நான் எழுந்து நின்றது வரைக்கும் நிஜம். லிஃப்ட்காரர் என் முகத்தைப் பார்த்தார். அக்கா வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், நான் அவளைப் பார்த்துவிடக் கூடாது என்று. நான் கையைத் தூக்கினேன், எந்தப் பக்கத்துக்கு என்று எனக்குத் தெரியும், வாயைத் திறந்து ஏதோ சொல்லவும் செய்தேன்.

அதை இங்கே எழுத மாட்டேன். சொன்னேனா இல்லையா என்பதுதான் கதை என்று வாக்குக் கொடுத்துவிட்டு இப்போது நழுவுகிறேன் என்று நீங்கள் திட்டலாம். திட்டுங்கள். நான் எதை எழுதினாலும் அது அக்காவுக்காகவோ லிஃப்ட்காரருக்காகவோ எழுதியதாகத்தான் இருக்கும். ஒருத்திக்கு நான் தம்பி. இன்னொருவருக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்ட சாட்சி. உங்களுக்கு நான் யாருமில்லை. அதனால் நீங்கள் சொன்னால்தான் நியாயமாக இருக்கும்.

ஆறுக்கு ஆறு. இடைவேளை முடிந்துவிட்டது. உங்கள் கையைத் தூக்குங்கள். தூக்கிய கையைக் கொஞ்ச நேரம் இறக்காமல் வைத்திருங்கள், டாக்டரம்மா இரண்டு தடவை எண்ணுவார்.