பின்னால் திரும்பாத கப்பல்

இருபத்தெட்டு வருஷமாக ஒரே பொய்யைப் பராமரித்து வருவது லேசுப்பட்ட வேலையில்லை. வீடென்றால் வெள்ளையடித்தால் போதும். பொய்க்கு, கேட்கிறவர் கேட்கும்போதெல்லாம் புதுசாக ஒரு ஜன்னலாவது வைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்துகிறவன். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வில்லையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துத் தேய்க்க உட்காருகிற ஆள். அப்படிப்பட்டவன் சொந்தத் தங்கையிடம் மட்டும் கூசாமல் ஒரு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தான்.

அந்தப் பூசணிக்காய் ஒரு புதன்கிழமை காலை போன் வடிவத்தில் வெளியே வந்தது.

"அண்ணா, 'ஒன்பதாம் நிலா' முழுசும் நெட்ல வந்துடுச்சு! படத்தையெல்லாம் சுத்தம் பண்ணி, அந்தப் பழைய தமிழ்க் குரலோடயே போட்டிருக்காங்க. ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை வரேன். கடைசி நாலு பகுதியையும் ஒண்ணா உக்காந்து பாக்கணும். நானும் அதுவரைக்கும் தொட மாட்டேன், நீயும் தொடக் கூடாது."

"சரிடா வாண்டு" என்றான். தங்கைக்கு முப்பத்தாறு வயதாகிறது, குழந்தைகள் மருத்துவமனையில் நடைப்பயிற்சி கொடுக்கிறாள், அவளுக்குக் கீழே நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். ஆனாலும் அவனுக்கு அவள் வாண்டுதான். போனை வைத்தபோது கையிலிருந்த வில்லையில் கட்டைவிரல் அச்சு அப்படியே விழுந்திருந்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவன் ஏன் இப்படி வெலவெலத்துப் போனான் என்று உங்களுக்குப் புரியாது.

'ஒன்பதாம் நிலா' முதலில் ஒரு வீடியோ கேம். விண்வெளியில் ஒரு கப்பல், ஒன்பது நிலாக்கள், மூன்று உயிர். அதைப் பிறகு இருபத்தாறு பகுதி கார்ட்டூன் தொடராக எடுத்தார்கள். கேப்டன் ஒரு பெண். அவளுக்குத் துணை டப்பா என்று ஒரு ரோபோ. அண்ணனும் தங்கையும் வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு டிவி முன்னால் ஆணியடித்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். கடைசிப் பகுதி வந்த வாரம் தங்கை மருத்துவமனையில் இருந்தாள். எட்டு வயது. பிறவியிலேயே கோணலான வலது காலின் எலும்பை வெட்டி நேர்செய்ய வேண்டும் என்று நாள் குறித்திருந்தார்கள். போகும்போது அவள் அண்ணனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கடைசிப் பகுதியைக் கேசட்ல பதிஞ்சு வைண்ணா."

பதினோரு வயது அண்ணன் வி.சி.ஆரில் கேசட்டைப் போட்டான், நேரத்தைச் செட் பண்ணினான், பந்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிட்டான். அன்றைக்குப் பக்கத்துத் தெருவோடு ஆட்டம். மெஷின்தான் பார்த்துக்கொள்கிறதே!

மெஷின் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டது. மதியம் கேம் ஆடிவிட்டு, ஆன்டெனா வயர் இருக்க வேண்டிய துளையில் கேம் பெட்டியின் வயரை அப்படியே விட்டு, பெட்டியையும் அணைக்காமல் போனது யார்? திரும்பி வந்து போட்டுப் பார்த்தால் அரை மணி நேரமும் கேமின் முதல் திரை. கப்பல் நின்ற இடத்திலேயே மிதக்கிறது. கீழே, ஆரம்பிக்கப் பொத்தானை அழுத்து என்று எழுத்து மின்னி மின்னி அணைகிறது. முழுக்க ஓட்டிப் பார்த்தான். ஏதாவது நடக்கும் என்று நம்பிப் பார்த்தான், பாவம். கேமிலாவது முடிவைப் பார்த்திருக்கிறானா என்றால் அதுவும் இல்லை. எட்டாவது நிலாவிலேயே மூன்று உயிரும் போய்விடும்.

மறுநாள் காலை அம்மாவோடு பஸ்ஸில் மருத்துவமனைக்குப் போகிற முக்கால் மணி நேரத்தில் அவன் ஒரு முடிவைக் கட்டினான். வார்டுக்குள் நுழைந்ததும் அவிழ்த்தும் விட்டான். ஒன்பதாம் நிலாவில் டப்பா மாட்டிக்கொள்கிறது. கால் ஒடிந்துவிட்டது. கப்பல் கிளம்பிவிட்டது. ஆனால் கேப்டன் கப்பலைத் திருப்புகிறாள்! முன்விளக்கு மொத்தத்தையும் போடுகிறாள். அந்த வெளிச்சத்தில் டப்பா ஒற்றைக்காலில் தத்தித் தத்தி, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே முப்பத்தோரு அடி நடந்து ஏறிவிடுகிறது.

தங்கை கண்ணிமைக்காமல் கேட்டாள். மறுநாள் அறுவை சிகிச்சைக்குப் போகும் முன்பு இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். கட்டுப் பிரித்த நாளில் சொல்லச் சொன்னாள். அவன் கல்யாணத்தன்று, பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மாலையோடு வைத்துச் சொல்லச் சொன்னாள். அவனும் சொல்லிச் சொல்லி, கப்பலுக்கு ஆறு விளக்கு, டப்பாவுக்கு ஒரு ஊன்றுகோல், கேப்டனுக்குக் கண்ணீர் என்று வசதிகள் செய்து கொடுத்தான்.

இப்போது உண்மை முடிவு வரப்போகிறது, அதுவும் சுத்தம் பண்ணின படத்தோடு.

தொடக் கூடாது என்று தங்கை சொன்ன அன்றே அவன் தொட்டுவிட்டான். எவ்வளவு பெரிய பள்ளத்தில் விழப்போகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? கடையின் பின்னறையில், வில்லை தேய்க்கிற மெஷின் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து, சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு பகுதி, மூன்று பகுதி. சின்ன வயதில் பிடித்தது இப்போது பார்த்தால் சகிக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். அவனும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஆரம்பித்தான்.

மூன்றாவது பகுதியில் பல் தானாக விட்டுவிட்டது. நாலாவது பகுதியில் சோறு ஆறிப்போனது.

கேமில் மூன்று உயிர் உண்டல்லவா, அதை அந்தத் தொடர்க்காரர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே இல்லை. கேப்டனுக்கு மூன்று உடம்பு. ஒன்று அழிந்தால் அடுத்தது கண் விழிக்கும், ஆனால் அதற்கு ஒன்றுமே ஞாபகம் இருக்காது. அப்போது டப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய நாட்குறிப்பை அவளுக்கே வாசித்துக் காட்டும். முதல் வரி எப்போதும் ஒன்றுதான். 'பயப்படாதே. இந்த டப்பாவை நம்பலாம்.' பதினோரு வயதில் அந்த இடம் வந்தால் அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போவான், சண்டை இல்லையே என்று. இப்போது வாய் திறந்தபடி பார்த்தான். ஒரு கேமின் எண்ணிக்கையிலிருந்து இப்படி ஒன்றை எடுக்க முடியுமென்றால் அவர்கள் மனிதர்களா வேறு ஏதாவதா என்று மனைவியிடம் அன்றைக்கு அரை மணி நேரம் பேசினான்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தான். வில்லையில் கீறல் தேடுகிற கண் அல்லவா? கப்பல் எப்போதும் இடமிருந்து வலமாகத்தான் போகிறது. ஒரு பகுதியில்கூட வலமிருந்து இடம் போகவில்லை. கேமில் அப்படித்தான், கடந்து வந்த திரைக்குத் திரும்ப வழியே கிடையாது. ஏதோ பணம் மிச்சம் பிடிக்க ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள் என்று முதலில் நினைத்தான். கடைசிப் பகுதியைப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது.

உண்மை முடிவு இதுதான். ஒன்பதாம் நிலாவின் கதவை யாராவது பிடித்துக்கொண்டிருந்தால்தான் கப்பல் வெளியே போக முடியும். கேப்டன் மூன்றாவது உடம்பில் இருக்கிறாள், இனி வேறு உடம்பு இல்லை. டப்பா கதவைப் பிடித்துக்கொள்கிறது. கப்பல் போகிறது, இடமிருந்து வலம். அது பின்னால் திரும்பவே திரும்பாது என்று இருபத்தைந்து பகுதியாக நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். டப்பா திரையின் இடது ஓரத்தில் சின்னதாகிக்கொண்டே போய், தனியாக, நாட்குறிப்பைத் திறந்து முதல் வரியை வாசிக்க ஆரம்பிக்கிறது. அவ்வளவுதான். இசைகூட இல்லை.

அண்ணன் பின்னறையில் உட்கார்ந்து அழுதான். பாதி அந்த முடிவின் அழகுக்கு, பாதி தன் கதிக்கு. டப்பாவுக்குக் காலில் ஒரு கீறல்கூட இல்லை. இதைப் பார்த்தால் வாண்டு என்ன நினைப்பாள்? அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் அண்ணன் தன்னிடம் கூசாமல் கதை விட்டான் என்றுதானே? அந்தக் கதையை அவள் சும்மாவா வைத்திருக்கிறாள்? கட்டுப் பிரித்த குழந்தைகளை நடக்க வைக்கும்போது அதைச் சொல்லித்தான் வைக்கிறாள், 'டப்பா முப்பத்தோரு அடி நடந்துச்சு, நீ எத்தனை?' என்று. அவள் தன்னை இனி நம்பாமல் போனால் என்ன செய்வது என்பது ஒன்றுதான் அவன் மனதில் சுற்றிச் சுற்றி வந்தது.

"அன்னிக்கு நெட் வேலை செய்யலைன்னு சொல்லிடலாமா?" என்று மனைவியிடம் கேட்டான்.

"அவ போன்ல நெட் இருக்குமே. அதையும் பிடுங்கிக் கிணத்துல போடுவீங்களா?" என்றாள் மனைவி. "பேசாம உண்மையைச் சொல்லுங்க. உங்க மூக்கை அறுத்துடவா போறா?"

"மூக்குப் போனாக்கூடப் பரவாயில்லை."

ஞாயிற்றுக்கிழமை தங்கை பத்து மணிக்கே வந்துவிட்டாள். வலது காலை இன்னமும் கொஞ்சம் இழுத்துப் போட்டுத்தான் நடப்பாள், தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். செருப்பைக் கழற்றும் முன்பே "போடு, போடு" என்றாள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். இருபத்து மூன்று, இருபத்து நாலு, இருபத்தைந்து. தங்கை ஒவ்வொன்றுக்கும் துள்ளினாள், வசனத்தை முன்கூட்டியே சொன்னாள், "அண்ணி, இதப் பாருங்க, இதப் பாருங்க" என்று அண்ணியின் தொடையில் அடித்தாள். அண்ணன் பாதி நேரம் திரையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருபத்தாறு வந்தது. டப்பா கதவைப் பிடித்தது. கப்பல் போனது. திரும்பவில்லை. நாட்குறிப்பு திறந்தது. திரை கறுத்தது.

தங்கையின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளாமலே சொன்னாள். "எவ்வளவு நல்லா எடுத்திருக்காங்க இல்ல? அப்பவே வார்டுல நாங்க எல்லாரும் அழுதோம்."

அண்ணன் திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினான். "வார்டுலயா?"

"ஆமா. நர்ஸ் எங்க கட்டிலையெல்லாம் டிவி இருக்கிற கூடத்துக்குத் தள்ளிட்டுப் போனாங்க. அன்னிக்கே பாத்துட்டேன்."

"பின்ன ஏன்டி மறுநாள் நான் சொன்னப்போ வாயைத் திறக்கல?"

"எப்படித் திறப்பேன்? ராத்திரி முழுக்க எனக்கு அதே நினைப்புதான், டப்பா மாதிரி என்னையும் விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு. காலைல நீ வந்து, கப்பல் திரும்புச்சுன்னே. நான் பயந்துடக் கூடாதுன்னு எனக்காக முடிவையே மாத்திட்டியேன்னு நினைச்சேன். பதினோரு வயசுல யாருக்குண்ணா அப்படித் தோணும்? அதை நெனச்சுதான் நான் இந்த வேலைக்கே வந்தேன்."

அட, தப்பித்தான்! தப்பித்தது மட்டுமில்லை, தலையில் கிரீடம் வேறு. வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தால் போதும், சாகும்வரை மகாராஜா. அண்ணன் ஒரு கணம் அந்தக் கிரீடத்தைப் போட்டுத்தான் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. மனைவி சோபா உறையில் ஒரு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அளவு பிசகின வில்லையைத் தெரிந்தே ஒருவர் முகத்தில் மாட்டி அனுப்ப அவனால் முடிந்ததே இல்லை. எழுந்து உள்ளே போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தான். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். மைதானம், பக்கத்துத் தெரு, மாற்றாமல் விட்ட வயர், அரை மணி நேரம் மிதந்த கப்பல்.

"நான் எதையும் மாத்தலடா. முடிவு என்னன்னே எனக்குத் தெரியாது. நீ ஒண்ணே ஒண்ணு கேட்டே, அதை விட்டுட்டு பந்து விளையாடப் போனேன். மாட்டிக்கக் கூடாதுன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

தங்கை கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலே கோணல்மாணலான எழுத்தில் 'ஒ.நிலா கடைசி. வாண்டுக்கு. அழிக்காதே' என்று இருந்தது. முகம் வாடித்தான் போயிற்று.

"யாரு ஜெயிச்சா?" என்றாள் கடைசியில்.

"என்னது?"

"ஆட்டத்துலண்ணா."

"தோத்துட்டோம். மூணு கோல்."

"நல்லா வேணும்" என்று கேசட்டாலேயே அவன் முட்டியில் ஒரு போடு போட்டாள். வலிக்கத்தான் செய்தது. பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "சரி, ஒண்ணு கேக்கறேன். படத்துல டப்பாவுக்குக் கால் நல்லாத்தானே இருக்கு?"

"ஆமா."

"கேம்ல?"

"கேம்லயும் நல்லாத்தான் இருக்கும்."

"அப்போ காலை உடைச்சது யாரு?"

இருபத்தெட்டு வருஷத்தில் அவன் இதை யோசித்ததே இல்லை. அன்றைக்குப் போன பஸ்தான் ஞாபகம் வந்தது. முன்சீட்டுக்காரியிடம் அம்மா, "நாளைக்குக் காலை அறுக்கறாங்க, புள்ள நடக்குமோ என்னவோ" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஜன்னலோரம் அவன் அம்மாவின் பையை மடியில் கட்டிப் பிடித்தபடி, டப்பாவை ஒவ்வோர் அடியாக எண்ணி எண்ணி நடக்க வைத்துக்கொண்டிருந்தான்.

"பந்து விளையாடப் போனது நீதான், இல்லேங்கல" என்றாள் தங்கை. "அதுக்குத்தான் ஒரு போடு போட்டாச்சு. சரி, உக்காரு. கப்பல் திரும்புற இடத்துலேர்ந்து சொல்லு."

அண்ணன் உட்கார்ந்தான். இந்த முறை ஊன்றுகோல் இல்லை, ஆறு விளக்கு இல்லை, பஸ்ஸில் கட்டினது எதுவோ அது மட்டும்தான். டப்பா கால் ஒடிந்து கிடந்தது. கப்பல் திரும்பியது. ஒன்று, இரண்டு என்று அவன் எண்ண ஆரம்பித்தான். நாலாவது அடியில் தங்கையும் சேர்ந்துகொண்டாள். பத்து தாண்டியதும் மனைவியின் குரலும் கேட்டது. இருபதுக்கு மேல் அவனால் எண்ண முடியவில்லை, மீதி தூரம் டப்பாவை அவர்கள் இரண்டு பேரும்தான் நடத்திக் கொண்டுபோய் ஏற்றினார்கள்.