சித்தியின் மீதிக் குரல்

திரையில் கதாநாயகி வாயைத் திறந்துவிட்டாள். அவளுக்கு டப்பிங் பேச வந்த இவளுக்கு வாய் திறக்கவில்லை.

ஹெட்ஃபோனில் முந்தைய காட்சி முடிகிற இடத்தில் கேட்டது சித்தியின் குரல். பிறந்ததிலிருந்து இவளை அதட்டியும் கொஞ்சியும் வளர்த்த குரல். புதுப் படம், புது வேஷம் என்றல்லவா கூட்டிவந்தார்கள்?

சித்திக்குத் தெரியாமல்தான் வந்திருந்தாள். பதினாறு வயதுக்கு வீட்டுச் சோற்றுக் கவலை வந்திருந்தது.

விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை. சத்தம் பதிவாகும் என்று மின்விசிறியையும் நிறுத்தியாயிற்று. கும்பல் குரல் கொடுப்பவர்கள் ஒரே மைக்கைச் சுற்றி நெருக்கியடித்து நின்று, வெள்ளத்தில் எல்லாம் இழந்த ஓர் ஊரின் அழுகையைத் திரும்பத் திரும்ப அழுதார்கள். வியர்வையும் இருமல் மிட்டாயும் கலந்த வாடை.

போன மாதம் இதே அறையில்தான், படங்களில் சாகிறவர்களுக்கெல்லாம் அலறுகிற அண்ணன் இரவு முழுக்க அலறி ரத்தமாகத் துப்பினார். இன்னும் பேச்சு வரவில்லை. "மனுஷத் தொண்டைங்க இது, ஹாரன் இல்ல. நடுநடுவுல ஓய்வு குடுங்க" என்று கேட்டவள் சித்தி ஒருத்திதான். மறுநாளிலிருந்து எந்த ஸ்டுடியோவும் அவளைக் கூப்பிடவில்லை. சங்கத் தலைவர் தலையசைக்காமல் இந்தத் தொழிலில் ஒரு கொட்டாவிகூடப் பதிவாகாது.

அந்தத் தலைவர் இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாப்பா, தூக்கமா?"

"சார்... இது சித்தி பேசின படம்."

"பாதிதான் பேசினா. மீதியை நீ பேசு. ரெண்டு பேருக்கும் ஒரே தொண்டை, எவனுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே சார்."

"அடேங்கப்பா! சித்தியோட வாய் அப்படியே இருக்கே. அந்த வாய் அவளை எங்க கொண்டுபோய் விட்டுச்சுன்னு பாத்தீல்ல? பேசினா அடுத்தடுத்த படமும் உனக்குத்தான். இல்லையா, குடும்பத்தோட வீட்டுல உக்காந்து பேசிக்கிட்டே இருங்க."

ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "முடியாது சார்."

"இதை ஓரமா நிக்கவை. கும்பலை எடு" என்றார் தலைவர், ஒலிப்பதிவாளரிடம். "ம்... அழுங்க!"

சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் ஓர் ஊரே வாயைப் பிளந்து கதறியது. அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"என்ன அழுகையக்கா, உனக்குமா தொண்டை அடைச்சுக்கிச்சு?"

அழுது அழுதே அந்தப் பேரை வாங்கியிருந்த அம்மாள் மைக்கைவிட்டு நகர்ந்தாள். "அவர் துப்பின ரத்தத்தை நான்தான் சார் தொடச்சேன். அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு இருந்தேன், நீங்க ஒண்ணும் கேக்கல. இன்னிக்கும் மூடிக்கிட்டுதான் இருக்கேன். இப்ப மட்டும் ஏன் கோவம் வருது?"

யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார்கள்.

"எல்லாரும் வெளிய போங்க!"

போனார்கள், ஒருவர் பாக்கியில்லாமல். வெளியே படிக்கட்டில் வெயில் ஏறியிருந்தது.

"சித்திகிட்ட என்னன்னு சொல்றது, அக்கா?" என்றாள் இவள். இப்போதுதான் அழுகை வந்தது.

"நீ ஏன் தனியா சொல்ற? நாங்களும் வர்றோம். அவளையும், குரல் தேறினதும் அந்த மனுஷனையும் திரும்ப உள்ள விடுறேன்னு சொல்ற வரைக்கும் ஒருத்தரும் மைக் முன்னாடி நிக்கறதில்ல. என்னப்பா?"

"நிக்கறதில்ல."

அக்காவின் ஃபோன் அடித்தது. தலைவர். எடுக்கவில்லை. அடுத்தவருடையது அடித்தது. அதற்கடுத்தவருடையது. கடைசியில் இவளுடையது. அக்கா இவள் தோளைப் பிடித்திருந்தாள். ஃபோனை அணைப்பது சுலபமாக இருந்தது.

அவரவர் வீட்டில், பக்கத்தில் யாருமில்லாதபோது அடித்தால்?